பாட்டாவின் பலூன் கடை ஏர் கன்: பழையபடி ஆக்குவதா, மாற்றிக் கட்டுவதா?

தக்கலை_பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள். அழகியமண்டபம் பக்கத்தில் எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது மச்சிலிருந்து உரச்சாக்கில் சுற்றிய ஒரு ஏர் கன் கிடைத்தது. எங்கள் பாட்டாவுடையது. அவர் திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போட்டவர். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேர், மண்டைக்காட்டுக் கொடை என்று ஒரு பலகை, ஒரு மூட்டை பலூன், இந்தத் துப்பாக்கி, இவ்வளவையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவாராம். அப்பாவும் அத்தைமாரும் பள்ளிக்கூடம் போனது இதில் வந்த காசில்தான்.

பேரலை மடக்கி ஒரு பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போட்டு ஒருமுறை சுடும் வகை, பேரல் துளை 4.5 மி.மீ. சிலிண்டர் மேல் துருவைத் துடைத்துப் பார்த்தபோது மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய முத்திரை தெரிந்தது. பி.எஸ்.ஏ. என்ற இங்கிலாந்துக் கம்பெனியுடையது என்று தேடிக் கண்டுபிடித்தேன். பாட்டா இதைப் பழையதாகத்தான் வாங்கினார் என்று அப்பா சொல்கிறார்.

இப்போது நிலைமை இது. மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் கரகரவென்று உரசுகிறது. சுட்டால் பெல்லட் சிலசமயம் பேரலுக்குள்ளேயே நின்றுவிடுகிறது, வெளியே வந்தாலும் வேகம் போதவில்லை. பேரலும் சிலிண்டரும் சேரும் இடத்தில் இருக்கும் சின்ன வாஷர் தொட்டால் பொடியாக உதிர்கிறது. கட்டையில், கை பிடிக்கும் கழுத்துப் பக்கம், ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். சிலிண்டரின் ஒரு பக்கம் முழுக்கத் துரு. தெரியாத்தனமாக உள்ளே கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். முதல் சுடுதலில் பட்டாசு மாதிரி சத்தம், வாயிலிருந்து புகை, கருகின எண்ணெய் நாற்றம். பயந்து வைத்துவிட்டேன்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் காட்டினேன். "இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு 5.5 மி.மீ. பேரல் மாட்டு, ஸ்பிரிங்குக்குப் பதில் கேஸ் பிஸ்டன் போடு, மேலே ஒரு ஸ்கோப் வை, புதுத் துப்பாக்கி ஆகிவிடும்" என்றார்கள். அப்படி மாற்றலாமா, இல்லை இருந்தபடியே சரிசெய்ய வழி இருக்கிறதா? குலசேகரத்தில் மாமா வீட்டில் ரப்பர் ஷீட் நிறைய இருக்கிறது, அதில் வாஷர் வெட்டிக்கொள்ளலாமா என்றும் சொல்லுங்கள்.

லேத்து_மார்த்தாண்டம்:

தம்பி, முதலில் அதைச் சுடுவதை நிறுத்து. தேங்காய் எண்ணெய் விட்டதும் பட்டாசு மாதிரி கேட்டது வேறொன்றும் இல்லை, ஸ்பிரிங் தள்ளி பிஸ்டன் ஓடும்போது காற்று நெருங்கிச் சூடாகிறது, அந்தச் சூட்டில் எண்ணெய் பற்றிக்கொள்கிறது, டீசல் இஞ்சினில் நடப்பதேதான். நம் ஊரில் கதவுக் கீலிலிருந்து தையல் மிஷின் வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய் விட்டுப் பழகிவிட்டோம், இதற்குள் மட்டும் வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று புரிந்துகொண்டால் பயம் போய்விடும். பம்ப் ஸ்டவ் பார்த்திருக்கிறாயா? அதன் பம்புக்குள் குடை மாதிரி ஒரு லெதர் வாஷர் இருக்கும், அது காய்ந்தால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. பெட்ரோமாக்ஸிலும் அதுதான். உன் பாட்டா துப்பாக்கியிலும் பிஸ்டன் தலையில் அதே மாதிரி லெதர் கிண்ணம் ஒன்று திருகாணியால் பிடித்திருக்கும். பல வருஷம் மச்சில் கிடந்ததால் ஓலைச்சருகு மாதிரி காய்ந்திருக்கும். காற்று ஓரம் வழியாகப் பின்னால் போய்விடுகிறது, பெல்லட்டைத் தள்ள ஆள் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு உன் பிரச்சனை இதுவும் அந்த உதிர்ந்த வாஷரும்தான்.

கழற்றுவது பற்றி: சில துப்பாக்கிகளில் சிலிண்டரின் பின்பக்க மூடி மரையால் மாட்டியிருக்கும், சிலதில் குறுக்கே பின். எதுவாக இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தோடுதான் இருக்கும். நீ பின்னைத் தட்டினால் அது பின்னாலிருந்து முகத்துக்கு நேராக வரும். நீளமான கிளாம்பில் பிடித்து, அழுத்தி, பின்னை எடுத்து, மெதுவாகத் தளர்த்த வேண்டும். கிளாம்ப் இல்லாமல் தொடாதே. இன்னொன்று, பேரல் மடங்கித் திறந்திருக்கும்போது ட்ரிகரில் விரல் போகவே கூடாது. ஸ்பிரிங் விட்டால் பேரல் சாட்டை மாதிரி மேலே வரும், விரல் அகப்பட்டால் போச்சு, பேரலும் வளைந்துவிடும்.

புது லெதர் நாமே செய்யலாம். கோட்டாறில் செருப்பு தைப்பவரிடம் 4 மி.மீ. கனத்தில் நல்ல எருமைத் தோல், பட்டை போட்டுப் பதனிட்டது, ஒரு உள்ளங்கை அளவு வாங்கு. வட்டமாக வெட்டித் தண்ணீரில் ஊறவை. சிலிண்டர் உள்விட்டத்துக்குச் சரியாக ஒரு துளை போட்ட இரும்புத் தகடு, அதைவிட எட்டு மி.மீ. குறைந்த ஓர் உருளை, இரண்டையும் வைத்து வைஸில் அழுத்திவிட்டு இரண்டு நாள் அப்படியே நிழலில் விடு. எடுத்தால் கிண்ணமாக நிற்கும். விளிம்பைப் பிளேடால் சமமாக்கி, சிலிக்கான் எண்ணெயில் ஓர் இரவு போட்டுவிட்டு, ஒட்டத் துடைத்துப் பிறகு மாட்டு. விரலால் அழுத்தினால் சிலிண்டருக்குள் லேசாக இறுகிப் போக வேண்டும், அடித்து ஏற்றும் அளவுக்கு இருந்தால் கனம் அதிகம்.

ரப்பர் ஷீட் வேண்டாம். அது பச்சை ரப்பர், எண்ணெய் பட்டால் ஊதிக் கொழகொழத்துவிடும். அந்த உதிர்ந்த வாஷருக்குப் பதில், ஹைட்ராலிக் சாமான் விற்கும் கடையில் நைட்ரைல் (எண்ணெய் தாங்கும் ரப்பர்) ஓ-ரிங் கேள், சில ரூபாய்தான். பள்ளத்தில் வைத்தால் ஒரு தாள் கனம் வெளியே நிற்க வேண்டும். மாட்டியபின் அந்த இடத்தில் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர் வைத்துச் சுடு. பேப்பர் அசையாவிட்டால் காற்று கசியவில்லை என்று அர்த்தம். பெல்லட் போடாமல் மட்டும் சுட்டுப் பார்க்காதே. முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இரும்பில் மோதும்.

ஓய்வுபெற்ற_ஆர்மரர்:

நான் ஆயுதப்படையில் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். அந்தக் கடைக்காரர் சொன்ன யோசனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும்.

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. துளைக்குள்ளும் 20 ஜூல் ஆற்றலுக்குள்ளும் இருக்கும் ஏர் கன்னுக்குத்தான் உரிமம் வேண்டாம். 5.5 பேரலை மாட்டிய அன்றே அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள், ஆற்றல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. இத்தனைக்கும் அதில் லாபம் எதுவும் இல்லை. ஸ்பிரிங்கும் சிலிண்டரும் அதே அளவுதான் காற்று தரும். பெல்லட் கனமானால் வேகம் குறையும், அவ்வளவே.

மாற்றிக் கட்டுவது பழைய வழக்கம்தானே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். பேரல் வாய் வழியாக வெடிமருந்து போடும் என்ஃபீல்டு துப்பாக்கிகளின் பின்பக்கத்தை வெட்டி, பின்னால் தோட்டா போடும்படி ஸ்னைடர் அமைப்பு பொருத்தி 1866-ல் பிரிட்டிஷ்காரன் எடுத்துக்கொண்டான். 1871-ல் வந்த மார்ட்டினி ஹென்றி ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி, பிறகு .303 அங்குலத் தோட்டா வந்தபோது அதே லிவர் அமைப்பில் புதுப் பேரல் போட்டு மார்ட்டினி என்ஃபீல்டு ஆக்கினார்கள். நம் இஷாப்பூர் தொழிற்சாலையில் .303 லீ என்ஃபீல்டு துப்பாக்கியின் பேரல் உட்பக்கத்தை வழவழப்பாகக் கடைந்து .410 அங்குல மஸ்கட் ஆக்கி, மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி) இருக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையை அடைத்து, ஒருமுறைக்கு ஒரு தோட்டா என்று காவல் வேலைக்குக் கொடுத்தார்கள். அந்த மரக்கட்டையை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், விளிம்பெல்லாம் ராவி அச்சாகப் பொருத்தியிருப்பார்கள். ஆனால் இதெல்லாம் நடந்தது தொழிற்சாலையில். உலோகம் தாங்குமா என்று கூடுதல் அழுத்தத்தில் சோதித்த பிறகுதான் சிப்பாய் கைக்குப் போகும். வெடிமருந்துத் துப்பாக்கியை உரிமம் இல்லாமல் மாற்றியமைப்பதும் பழுதுபார்ப்பதும் 1959 ஆயுதச் சட்டம் 5-ஆவது பிரிவில் குற்றம். லேத் பட்டறை வைத்திருப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இதைப் படிக்கிறவர்களில் யார் வீட்டிலாவது மச்சில் கிடைத்தது ஏர் கன் இல்லாமல் நிஜத் துப்பாக்கியாக இருந்தால், அதைத் துடைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். உரிமம் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அப்புறம் வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.

ரப்பர்_குலசேகரம்:

மக்கா, நான் செய்த தப்பை எழுதுகிறேன், நீ செய்யாதே. எங்கள் சித்தப்பா கொடுத்த பழைய ஏர் கன்னுக்கு வேகம் வேண்டும் என்று தடித்த ஸ்பிரிங் வாங்கிப் போட்டேன். முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் கட்டையின் திருகாணி எல்லாம் தளர்ந்து, மடக்கும் இடத்தில் ஆட்டம் வந்து, முன்னால் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்த ஐந்து பெல்லட்டும் கை அகலத்துக்குச் சிதறியது. பழைய ஸ்பிரிங்கைத் தேடினேன், அதை அன்றைக்கே பழைய இரும்புக்குப் போட்டிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. கழற்றுகிற எதையும் தூக்கிப் போடாதே, ஒரு டப்பாவில் போட்டு வை.

கட்டை விரிசலுக்குப் புதுக் கட்டை செய்யவேண்டாம். அயினியிலோ பலாவிலோ அழகாகச் செய்து தர ஆள் உண்டு, ஆனால் அது உன் பாட்டா தோளில் வைத்த கட்டையாக இருக்காது. விரிசலை லேசாக விரித்து, உள்ளே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் விட்டுத் துடைத்து, அரால்டைட் பசையைக் கொஞ்சம் வெயிலில் வைத்துச் சூடாக்கி இளக்கி உள்ளே இறக்கு. பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்று. எந்தக் கிளாம்பும் அப்படிச் சுற்றிலும் ஒரே மாதிரி பிடிக்காது. ஒரு நாள் விட்டுப் பிரி.

சரிசெய்தபின் கிளி, கொக்கு என்று எதையும் குறிவைக்காதே. நம் சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022-லிருந்து ராம்சர் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) இருக்கின்றன, வனத்துறை கண்ணில் பட்டால் வழக்குதான். அதைவிட, குளத்தில் நிற்கும் பறவையைச் சுடுவதற்காகவா இதைச் சரிசெய்கிறோம்?

குளச்சல்_போட்மெக்கானிக்:

துரு பற்றி எழுத வந்தேன். உரச்சாக்கில் சுற்றியிருந்தது என்றாயே, பாதிக் கெடுதல் அங்கேதான். உரம் என்பது உப்பு, சாக்கின் இழையில் ஒட்டியிருக்கிற பொடி காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைக்கும். சாக்கு மடிப்பு எந்தப் பக்கம் பட்டதோ அந்தப் பக்கம்தான் துரு அதிகமாக இருக்கும், பார்.

எமரி தாளால் தேய்க்காதே, முத்திரை அழிந்துவிடும். மண்ணெண்ணெயும் மெல்லிய ஸ்டீல் உல்லும் (இரும்பு நார்) வைத்து உதிரும் துருவை மட்டும் எடு. அப்புறம் எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாமல் கழுவிவிட்டு, பேரலையும் சிலிண்டரையும் கொதிக்கிற தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி இருபது நிமிஷம் போடு. லெதர், ரப்பர், ஸ்பிரிங் எல்லாம் முன்பே கழற்றியிருக்க வேண்டும். சிவப்புத் துரு கண்ணெதிரே கறுப்பாக மாறும். அது இரும்பின் இன்னொரு ஆக்சைடு, உதிராது, இரும்பைக் காக்கும். வெளியே எடுத்து ஸ்டீல் உல்லால் மெதுவாகத் தடவினால் மேலே வெல்வெட் மாதிரி இருக்கும் கரி போய், கீழே கருநீலமாக ஒரு பளபளப்பு நிற்கும். மறுபடி கொதிக்க வை, மறுபடி தடவு. மூன்று முறை போதும். குழி விழுந்த இடம் குழியாகவேதான் இருக்கும், விட்டுவிடு.

தண்ணீர் மழைத் தண்ணீராக இருக்கட்டும். கிணற்றுத் தண்ணீர் என்றால் வெள்ளைப் புள்ளி விழும். பாத்திரம் எவர்சில்வர் தகட்டை மடக்கிப் பற்றவைத்த தொட்டி. அலுமினியமும் துத்தநாகத் தகடும் கூடாது. சூடு ஆறும் முன்பே துடைத்து, பேரலுக்குள்ளும் துணி விட்டு, எண்ணெய் தடவிவிடு. எங்கள் கடற்கரையில் ஒரு ராத்திரி எண்ணெய் இல்லாமல் வைத்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும்.

தக்கலை_பேரன்:

எல்லாருக்கும் நன்றி. பேரலை மாற்றவில்லை, முடிவு செய்துவிட்டேன். இன்னொரு சந்தேகம். பேரல் நுனியில் குறிபார்க்க நிற்கும் குறிமுனையின் தலையை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள். மூன்று கோடு தெளிவாகத் தெரிகிறது, இருக்க வேண்டியதில் பாதி உயரம்தான் இருக்கிறது. இது பழுதா? இதையாவது புதிதாகப் போடவா?

லேத்து_மார்த்தாண்டம்:

தொடாதே தம்பி! பலூன் பலகை எவ்வளவு தூரத்தில் இருக்கும்? பத்து அடி. துப்பாக்கியின் குறிமுனை பேரல் துளைக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கிறது என்று வை. நீண்ட தூரத்துக்குச் செய்த குறியை வைத்துப் பத்து அடியில் பார்த்தால் பெல்லட் பார்வைக்குக் கீழேதான் படும், பலூனின் கழுத்தில் உரசிப் போகும். குறிமுனையைக் குறைத்தால் அதே பார்வைக்குப் பேரல் வாய் சற்று மேலே தூக்கும், பெல்லட் நடுப் பலூனில் படும். வாடிக்கையாளர் குறிபார்த்த இடத்தில் படவேண்டும் என்று உன் பாட்டா உட்கார்ந்து ராவியிருக்கிறார். அது அவர் கைவேலை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பத்து அடிக்குச் சரியாக வைத்த துப்பாக்கி பத்து மீட்டரில் சுமார் மூன்று சென்டிமீட்டர் மேலே சுடும். சரிசெய்தபின் நீயே பார்.

வேகம் அளக்கக் கருவி வேண்டாம். போனைத் துப்பாக்கி வாய்ப் பக்கம் வைத்து ஒலிப்பதிவு செய், பத்து மீட்டரில் ஒரு தகரம். சுட்ட சத்தத்துக்கும் தகரச் சத்தத்துக்கும் இடைவெளி பார். அதில் சத்தம் திரும்பி வர 29 மில்லிசெகண்ட், அதைக் கழித்தால் மீதி பெல்லட் பறந்த நேரம். தகரத்துக்குப் பின்னால் ஒரு பெட்டி நிறைய களிமண்ணும் அதற்குப் பின்னால் சுவரும் இருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்.

தக்கலை_பேரன்:

ஏழு வாரம் ஆகிவிட்டது, இப்போதுதான் எழுத முடிந்தது. முதல் லெதரைக் கெடுத்தேன், சரியாகக் காயும் முன்பே வைஸிலிருந்து எடுத்துவிட்டேன், தட்டையாகிவிட்டது. இரண்டாவது நன்றாக வந்தது. பழைய லெதரை எடுத்தபோது கையிலேயே இரண்டாக உடைந்தது, அதையும் ரப்பர் அண்ணன் சொன்னபடி டப்பாவில் வைத்திருக்கிறேன். ஸ்பிரிங் உடையவில்லை, ஒரு பக்கம் லேசாக வளைந்து சிலிண்டரில் உரசியிருக்கிறது. அதே அளவில் ஒன்று வாங்கிப் போட்டு, பழையதையும் வைத்துக்கொண்டேன்.

துரு கறுப்பாக மாறியதைப் பார்க்க வீடே கூடிவிட்டது. அம்மா நம்பவில்லை, பெயின்ட் அடித்தாயா என்று துணியால் தேய்த்துப் பார்த்தார். மூன்று துப்பாக்கி முத்திரை இப்போது தடவினால் விரலுக்கே தெரிகிறது.

வேலை தொடங்கும் முன்பு ஒரே ஒருமுறை அளந்திருந்தேன், 129 மில்லிசெகண்ட். 29 போனால் 100, அதாவது செகண்டுக்கு 100 மீட்டர். இப்போது 95, கழித்தால் 66, சுமார் 151 மீட்டர். அரை கிராம் பெல்லட்டுக்கு 5.7 ஜூல் வருகிறது, ஆர்மரர் ஐயா சொன்ன 20-க்கு எவ்வளவோ கீழே. பத்து மீட்டரில் ஐந்து பெல்லட் சுட்டேன், ஐந்தும் ஒரு அங்குலத்துக்குள், ஆனால் நான் பார்த்த புள்ளிக்கு மேலே. ஸ்கேல் வைத்து அளந்தேன். மூன்று சென்டிமீட்டர்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எதுவும் பேசாமல் களிமண் பெட்டியை நகர்த்தி, பத்து அடியை எண்ணி அளந்து, பலகையில் ஒரு சிவப்புப் பலூனைக் குத்தினார். அவர் சின்ன வயதில் பாட்டா கடையில் பலூன் ஊதிக் கொடுத்தவர், ஒருநாளும் சுட்டதில்லையாம், பெல்லட்டுக்குக் காசு என்பதால் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கிடையாது. துப்பாக்கியை வாங்கித் தோளில் வைத்து நேராக நடுவில் பார்த்துச் சுட்டார். உடைந்தது. இன்னொரு பெல்லட் கொடு என்று கையை நீட்டினார்.